வெயிலில் நாயை நடத்துவது: நேரம் பார்த்தால் ரெண்டு உயிருக்கும் நல்லது



இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு மே மாதம். அசோக் நகர் பகுதியில் ஒரு குழுவின் மாதக் கூட்டத்துக்கு நாங்கள் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்தது. உள்கடன் கேட்பு ஆரம்பித்தது. ஒரு அக்கா பள்ளிக் கட்டணத்துக்குக் கேட்டார். இன்னொருவர் தையல் மெஷின் ரிப்பேருக்குக் கேட்டார். மூன்றாவதாக ஒரு உறுப்பினர் தயங்கித் தயங்கி எழுந்து, "எனக்கு ரெண்டாயிரம் வேணும். நாய் ஆஸ்பத்திரி செலவு" என்றார்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "உங்க வீட்ல ஏதுக்கா நாயி?" என்று ஒரு தங்கச்சி கேட்டது.

"எங்க வீட்டு நாய் இல்ல. நான் வேலை செய்யுற வீட்டு நாய்."

சிரிப்பு நின்றுபோனது. அன்றைக்கு அந்த அக்கா சொன்ன விஷயத்திலிருந்துதான் இந்த மாதப் பாடம் பிறந்தது. நம் கூட்டமைப்பில் வீட்டு வேலைக்குப் போகிற தோழிகள் நிறைய பேர். புதூர், ஜாபர்கான்பேட்டை, எம்.ஜி.ஆர். நகர் பக்கமிருந்து நடந்து வந்து, அசோக் நகர் அவென்யூக்களில் உள்ள பிளாட்டுகளில் மூணு வீடு, நாலு வீடு பார்க்கிறார்கள். பாத்திரம், துணி, பெருக்குவது, துடைப்பது என்று இருந்த வேலையில் இப்போது பல வீடுகளில் "நாயைக் கொஞ்சம் வெளியே கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்பதும் சேர்ந்துவிட்டது. ஆனால் அதை எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நாயைக் கையில் பிடிப்பவர் நாம். அதற்கு ஏதாவது ஆனால் பேச்சு வாங்குவதும் நாம். அதனால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியதும் நாம்தான்.

என்ன நடந்தது?

அந்த அக்காவுக்கு மூணு வீடு. காலையில் ஒரு வீடு, பத்து மணிக்கு ஒரு வீடு, ஒரு மணிக்கு மேல் மூணாவது வீடு. மூணாவது வீட்டில் கணவன், மனைவி இருவரும் ஆபீஸ் போய்விடுவார்கள். வீட்டில் ஒரு பக் நாய். சப்பை மூக்கும் சுருங்கின முகமுமாக இருக்குமே, அந்த ஜாதி. நாய் குண்டாகிவிட்டது, தினமும் நடக்க விடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால், "அரை மணி நேரம் கட்டாயம் நடத்துங்க" என்று அக்காவுக்கு உத்தரவு. அவர் வீட்டு வேலையை முடித்து நாயைப் பிடிக்கும்போது மணி இரண்டு. அக்னி நட்சத்திர வெயில்.

ஒரு தெரு தாண்டுவதற்குள் நாய் உட்கார்ந்துவிட்டது. "சோம்பேறித்தனம் பண்ணுதுன்னு நெனச்சு இழுத்தேன்" என்றார் அக்கா. மறுபடி நடந்தது, மறுபடி உட்கார்ந்தது. தெரு முனையில் கால் பின்னி விழுந்தது. அங்கே புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்த அண்ணன், துணிக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்து நாய் மேல் ஊற்றினார். ஆட்டோ பிடித்து கிளினிக் போனார்கள். மூணு நாள் டிரிப்ஸ் ஏறியது. நாய் பிழைத்துக்கொண்டது. பில் நாலாயிரத்துச் சொச்சம். "நீங்க சரியா பாத்துக்கல, பாதியாவது குடுங்க" என்றார்கள்.

அக்கா இன்னொரு விஷயத்தையும் சொன்னார். "எனக்கும் அன்னைக்குக் கண்ணு இருட்டிக்கிட்டுதான் வந்துச்சு. காலையில டீ குடிச்சதோட சரி."

இதைக் கேட்டு எங்களுக்கே வெட்கமாக இருந்தது. கணக்கு எழுதுவது, தீர்மானம் போடுவது, வங்கிக் கடன் என்று எத்தனையோ பயிற்சி கொடுத்திருக்கிறோம். வேலை செய்கிற இடத்தில் வெயிலால் வரும் ஆபத்தைப் பற்றி ஒரு பாடம்கூட நடத்தியதில்லை.

நாய்க்கு நம்மைப் போல வியர்க்காது

முதலில் காரணத்தைப் புரிந்துகொள்வோம். நமக்குச் சூடு ஏறினால் உடம்பு முழுவதும் வியர்க்கிறது. வியர்வை காயும்போது உடம்பு குளிர்கிறது. நாய்க்கு அந்த வசதி இல்லை. அதற்கு முக்கியமாகப் பாதத்தில்தான் வியர்க்கும். அது போதாது. அதனால் நாய் நாக்கைத் தொங்கப்போட்டு வேகமாக மூச்சிரைக்கிறது. நாக்கிலும் வாயிலும் மூச்சுக்குழலிலும் உள்ள ஈரம் காய்ந்து, அதன் வழியாக உள்சூடு வெளியேறுகிறது. மண்பானை மேலே கசியும் ஈரம் காய்வதால் உள்ளே தண்ணீர் குளிர்கிறது இல்லையா, அதே கதைதான்.

நல்ல ஆரோக்கியமான நாயின் உடம்புச் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். நமக்கு அது காய்ச்சல், அதற்கு அது சாதாரணம். ஆனால் 105, 106 டிகிரிக்குப் போய்விட்டால் மூளை, சிறுநீரகம், குடல் எல்லாம் கெட ஆரம்பிக்கும். சில மணி நேரத்தில் உயிரே போகலாம்.

ஓடினாலும் நடந்தாலும் தசை வேலை செய்து உடம்புக்குள்ளேயே சூடு உண்டாகிறது. வெளியே வெயில், உள்ளே இந்தச் சூடு. இரண்டும் சேரும்போதுதான் ஆபத்து. குளிர் நாடு என்று நாம் நினைக்கிற பிரிட்டனிலேயே, வெப்பத்தால் நோயுற்ற நாய்களைப் பற்றி 2020-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவற்றில் நாலில் மூன்று பங்கு நாய்களுக்குக் காரணம், நடை, ஓட்டம், விளையாட்டு போன்ற உடற்பயிற்சிதான். பூட்டின காரில் விட்டதால் பாதிக்கப்பட்டவை அதைவிட மிகக் குறைவு. காரில் விடக்கூடாது என்று நிறைய பேருக்குத் தெரியும். நடக்க வைப்பதும் ஆபத்தாகலாம் என்பதுதான் தெரிவதில்லை.

பாலைவன வெயிலும் சென்னை வெயிலும்

"துபாய்ல 45 டிகிரி அடிக்குதாம், அங்கயும் நாய் வளக்கிறாங்களே?" என்று ஒரு தோழி கேட்டார். நல்ல கேள்வி.

பாலைவன ஊர்களில் நாய் வளர்ப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்வதே, கோடையில் பகலில் நாயை வெளியே எடுக்கக் கூடாது என்பதைத்தான். அமெரிக்காவில் பாலைவனத்தில் இருக்கும் பீனிக்ஸ் நகரம் 2016-லேயே ஒரு விதி கொண்டுவந்தது. வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், அதாவது நம் கணக்கில் சுமார் 38 டிகிரி, நகராட்சியின் மலைப்பாதைகளில் நாயைக் கூட்டிப்போகவே கூடாது. துபாய் இருக்கும் அமீரகத்தில் மனிதருக்கே விதி இருக்கிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை நேர் வெயிலில் வேலை வாங்கக் கூடாது. நம்மில் சிலருடைய வீட்டுக்காரரும் பிள்ளைகளும் அங்கே கட்டட வேலைக்குப் போயிருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

38 டிகிரி என்பது சென்னையில் மே மாதத்தில் சாதாரண நாள். 2003 மே 31-ம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரியே பதிவானது. ஆனால் நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதுதான் புழுக்கம்.

உள்நாட்டுப் பாலைவனத்தில் காற்று காய்ந்து கிடக்கும். ஈரம் சட்டென்று காயும். அதனால் மூச்சிரைத்தால் நாய்க்குக் கொஞ்சம் பலன் உண்டு. அங்கே பெரிய பயம் தண்ணீர் வற்றிப்போவது. சென்னையில் கடல் காற்றோடு ஈரமும் சேர்ந்து வருகிறது. புழுக்கமான நாளில் கொடியில் போட்ட துணி காய எவ்வளவு நேரம் ஆகிறது என்று நமக்குத் தெரியும். நாய் நாக்கில் உள்ள ஈரமும் அப்படித்தான், சீக்கிரம் காயாது. நாய் மூச்சிரைத்துக்கொண்டே இருக்கும், சூடு இறங்காது. அதனால் "இன்னைக்கு வெயில் கம்மிதான், மேகமா இருக்கு" என்று ஏமாறக் கூடாது. நமக்குக் கசகசவென்று வியர்வை வழிந்து காயாமல் இருந்தால், அது நாய்க்குக் கஷ்டமான நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கால் சுடும் தரை

நாம் செருப்புப் போட்டு நடக்கிறோம். நாய் வெறுங்காலில் நடக்கிறது. காற்றில் 35 டிகிரி இருக்கும்போது, நேர் வெயில் விழும் தார் ரோடு 55, 60 டிகிரி வரைக்கும் சூடாகலாம். பாதத்தின் அடித்தோல் ஒரு நிமிஷத்திலேயே வெந்து கொப்புளம் வந்துவிடும். குட்டையான நாய்க்கு வயிறும் தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் ரோட்டுச் சூடு நேராக வயிற்றில் அடிக்கும்.

இதற்குக் கைச் சோதனை ஒன்று உண்டு. புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணுங்கள். ஏழு எண்ணும்வரை கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் அது ஆகாது. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சூரியன் இறங்கியிருக்கும், ரோடு இறங்கியிருக்காது. பகல் முழுக்கக் குடித்த சூட்டை அது இருட்டிய பிறகும் விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் மணியைப் பார்த்தால் மட்டும் போதாது, தரையையும் தொட்டுப் பாருங்கள்.

எந்த நாய்க்கு ஆபத்து அதிகம்?

1. சப்பை மூக்கு நாய்கள். பக், புல்டாக், பாக்ஸர், ஷிட்சு போன்றவை. மூக்கும் மூச்சு வழியும் குறுகியிருப்பதால் சரியாக மூச்சிரைக்கவே முடியாது. 2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடி வந்த நாயை எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் பிறகுதான் ஊரெல்லாம் பக் நாய் வாங்கினார்கள். அது நம் ஊர் வெயிலுக்குக் கஷ்டப்படும் ஜாதி.

2. அடர்ந்த முடி உள்ள குளிர் தேசத்து நாய்கள். ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்றவை. வெயில் என்று முடியை ஒட்ட மழிக்கவும் கூடாது, தோல் வெந்துவிடும். நன்றாகச் சீவிவிட்டால் போதும்.

3. குண்டான நாய், வயதான நாய், இதய நோய் உள்ள நாய், சின்னக் குட்டி.

4. ஏ.சி. அறையிலேயே வளர்ந்த நாய். திடீரென்று வெயிலில் இறக்கினால் தாங்காது. ஏப்ரல் தொடக்கத்தில் முதல் சில நாள் வெயில் ஏறும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

நம் மண்ணின் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்களுக்கும் நம் தெரு நாய்களுக்கும் முடி குட்டை, மூக்கு நீளம். வெயிலை ஓரளவு தாங்கும். அதற்காக மதியம் ஓட விடலாம் என்று அர்த்தமில்லை. தெரு நாயைக் கவனித்துப் பாருங்கள். மே மாத மதியத்தில் அது நடக்கிறதா? ஆட்டோவுக்கு அடியிலோ குழாயடி ஈரத்திலோ குழி பறித்துப் படுத்துவிடும். யாரும் சொல்லித்தராமல் அதற்குத் தெரிகிற புத்தி அது. கயிறு கட்டின நாய்க்கு மட்டும்தான் அந்தச் சுதந்திரம் இல்லை.

எப்போது, எவ்வளவு நேரம்?

ஏப்ரல் முதல் ஜூன் வரை இப்படி வைத்துக்கொள்ளலாம்:

* காலை நடை: ஐந்தரை மணிக்கு மேல், ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.
* மாலை நடை: ஏழரை, எட்டு மணிக்கு மேல். கைச் சோதனை செய்த பிறகு.
* சாதாரண நாய்க்கு 20 முதல் 30 நிமிஷம். சப்பை மூக்கு, குண்டு, வயதான நாய்க்கு 10 முதல் 15 நிமிஷம் போதும். மெதுவாக நடந்தால் போதும், ஓட வேண்டாம். பைக், சைக்கிள் பின்னால் ஓடவிடவே கூடாது.
* மரம் உள்ள பக்கமாக, மண் தரையாகப் பார்த்து நடங்கள். அசோக் நகர் உள் தெருக்களில் நிழல் உண்டு. நூறடி ரோட்டுப் பக்கம் போகாதீர்கள்.
* ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு சின்னக் கிண்ணமும் கையில் இருக்கட்டும்.
* வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் நடத்த வேண்டாம்.
* நாய் உட்கார்ந்தால் இழுக்காதீர்கள். அது பேசுகிற பாஷை அதுதான். நிழலுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் வைத்துவிட்டு, சரியானதும் வீட்டுக்குத் திரும்புங்கள்.

"மத்தியானம் ஒண்ணுக்குப் போகணுமே?" என்று கேட்பீர்கள். அதற்கு வாசல் மரத்தடிவரை மூணு நிமிஷம் போய் வந்தால் போதும். அது நடைப்பயிற்சி இல்லை.

நடக்காத நேரத்தில் வீட்டுக்குள்ளேயே வேலை கொடுக்கலாம். பிஸ்கட்டைத் துணி மடிப்புக்குள் ஒளித்துத் தேடவிடலாம். பழைய துணியை முடிச்சுப் போட்டு இழுக்கவிடலாம். பத்து நிமிஷம் மோப்பம் பிடித்துத் தேடினாலே நாய் களைத்துத் தூங்கும். மொட்டை மாடியில் விடுவதும், வெயில் அடிக்கும் பால்கனியில் கட்டுவதும், தகர ஷெட்டில் அடைப்பதும் நடையைவிட மோசம். வீட்டுக்காரர் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இந்த அறிகுறி தெரிந்தால் உடனே நில்லுங்கள்

நாக்கு அகலமாகி நீளமாகத் தொங்கும். மூச்சிரைப்பு நிற்காது, சத்தம் அதிகமாகும். கெட்டியாக எச்சில் வழியும். ஈறு ரத்தச் சிவப்பாக இருக்கும். கால் தள்ளாடும். கூப்பிட்டால் திரும்பாது. வாந்தி, பேதி ஆகும். கடைசியில் விழும், வலிப்பு வரும்.

அப்போது செய்ய வேண்டியது:

1. நிழலுக்குத் தூக்குங்கள்.

2. உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றுங்கள், ஊற்றிக்கொண்டே இருங்கள். வயிறு, தொடை இடுக்கு, பாதம் நன்றாக நனையட்டும். முகத்தில் ஊற்றும்போது மூக்கில் போகாமல் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: மதியத்தில் மொட்டை மாடி டேங்க் தண்ணீர் கையைச் சுடும். குழாயைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் குடத்துத் தண்ணீர், கேன் தண்ணீர் எடுங்கள்.

3. விசிறுங்கள். அட்டை, முந்தானை எதுவானாலும் சரி. ஃபேன் இருந்தால் இன்னும் நல்லது.

4. ஈரத் துண்டைப் போர்வை மாதிரி மேலே போட்டு விடாதீர்கள். சூடு உள்ளேயே தங்கிவிடும்.

5. நினைவோடு இருந்தால் தண்ணீரைப் பக்கத்தில் வையுங்கள், தானாகக் குடிக்கட்டும். வாயில் ஊற்றினால் புரை ஏறும். நாம் சாப்பிடும் காய்ச்சல் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது, அது நாய்க்கு விஷம்.

6. சூட்டைக் குறைத்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இப்போது மருத்துவர்கள் சொல்வது, முதலில் குளிர வை, பிறகு கொண்டு போ என்பதுதான். அந்த இஸ்திரிக்கார அண்ணன் செய்தது ரொம்பச் சரி. நாய் எழுந்து நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். உள்ளே ஏற்பட்ட பாதிப்பு மறுநாள்கூடத் தெரியலாம்.

முன்கூட்டியே வீட்டுக்காரரிடம் கேட்டு, அவர்கள் பார்க்கும் டாக்டரின் போன் நம்பரை உங்கள் செல்லில் போட்டு வையுங்கள். வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. வேளச்சேரிப் பக்கம் 1959-ல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் அமைப்பும் இருக்கிறது.

வாய்மூடி, கயிறு, கடி

வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் வேண்டும், வெறிநோய்த் தடுப்பூசி வேண்டும், தெருவில் கயிறும் வாய்மூடியும் வேண்டும். 2025 ஆகஸ்டில் நம் பக்கத்து ஜாபர்கான்பேட்டையிலேயே பிட்புல் நாய் கடித்து ஒருவர் உயிரிழந்ததை நாம் அறிவோம். ஆகவே விதி அவசியம்தான். ஆனால் வாயை இறுக்கிக் கட்டும் துணி வாய்மூடியைப் போட்டால் நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்க முடியாது. கோடையில் அது உயிருக்கே ஆபத்து. கூடை மாதிரி இருக்கும் வாய்மூடியை வாங்கித் தரச் சொல்லுங்கள். அதைப் போட்டிருந்தாலும் நாய் வாயைத் திறக்கும், தண்ணீர் குடிக்கும்.

உங்களைவிட பலமான நாயைத் தனியாகப் பிடிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், இழுத்தால் விழுவோம். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட ஆரம்பியுங்கள். வீட்டு நாய்தானே என்று விடக் கூடாது. சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும்.

நம் உடம்பையும் பார்ப்போம்

நாய்க்கு ஆகாத வெயில் நமக்கும் ஆகாது. அந்த அக்காவுக்குக் கண் இருட்டியதை மறந்துவிடாதீர்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். தண்ணீர், மோர், நீராகாரம் ஏதாவது குடித்துவிட்டுக் கிளம்புங்கள். தலையில் துண்டோ குடையோ இருக்கட்டும். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மாசமாக இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தலை சுற்றல், குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் உட்கார்ந்துவிடுங்கள். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் உயிரிழப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொன்னது. வெயிலை அரசே பேரிடர் என்று சொல்லும்போது, "இதெல்லாம் ஒரு வேலையா" என்று நாம் நம்மையே குறைவாக நினைக்கக் கூடாது.

வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவது?

அந்தக் கூட்டத்தில் கடன் கோரிக்கையை ஒரு வாரம் தள்ளி வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு குழுவின் ஊக்குநரும் நாங்களும் அந்த வீட்டுக்குப் போனோம். சண்டை போடப் போகவில்லை. அக்காவே பேசினார்: "மேடம், நான் ரெண்டு மணிக்குத்தான் உங்க வீட்ல நாயைப் புடிக்க முடியுது. அந்த நேரத்துல ரோடு கொதிக்குது. நீங்க வேணும்னா செருப்பைக் கழட்டிட்டு ஒரு தடவை கீழ நின்னு பாருங்க."

அந்தம்மா நின்று பார்த்தார். பத்து செகண்ட்கூட நிற்க முடியவில்லை. "எங்களுக்கும் இது தெரியாதும்மா" என்றார். கெட்ட மனுஷர்கள் இல்லை. டாக்டர் நடக்கச் சொன்னார், இவர்கள் நடக்கச் சொன்னார்கள். எத்தனை மணிக்கு என்று யாரும் யோசிக்கவில்லை.

பாதிப் பணம் கேட்டதை விட்டுவிட்டார்கள். நேரம் மாறியது. இப்போது அக்கா முதல் வீட்டுக்குப் போகிற வழியில் ஆறு மணிக்கு நாயைப் பிடித்து, பதினைந்து நிமிஷம் நடத்திவிட்டு விடுகிறார். ராத்திரி நடை அவர்கள் பொறுப்பு. காலையில் கூடுதலாக ஒரு நடை வந்துபோவதற்குத் தனிச் சம்பளம் கேட்டார். கொஞ்சம் இழுத்தார்கள், பிறகு கொடுத்தார்கள். ரெண்டாயிரம் உள்கடனுக்கு அவசியமே இல்லாமல் போனது.

நாய் நடத்துகிற வேலையை ஒத்துக்கொள்ளும்போதே இவற்றைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்:

* எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம்.
* அதற்குத் தனிச் சம்பளம் எவ்வளவு.
* நாய்க்குத் தடுப்பூசி போட்ட அட்டை, உரிமம் இருக்கிறதா.
* டாக்டர் போன் நம்பர், அவசரத்துக்கு ஆட்டோ செலவு யாருடையது.
* வெயில் அதிகமான நாளில் நடையை நிறுத்த உங்களுக்கு உரிமை உண்டு என்பது.

வீட்டுப் பணியாளர் நல வாரியம் நம் மாநிலத்தில் 2007-ல் அமைக்கப்பட்டது. இன்னும் பதிவு செய்யாத தோழிகள் உடனே பதிவு செய்யுங்கள். விண்ணப்பம் எழுத நாங்கள் உதவுகிறோம்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் பேச:

1. நம் குழுவில் எத்தனை பேர் வேலை வீட்டில் நாயை நடத்துகிறார்கள்? எந்த நேரத்தில்?
2. அதற்குத் தனிச் சம்பளம் வாங்குகிறவர் யார், வாங்காதவர் யார்?
3. கைச் சோதனையைக் கூட்டம் நடக்கும் வாசலிலேயே எல்லோரும் செய்து பாருங்கள்.
4. நேரம் மாற்றிக் கேட்கத் தயங்கும் தோழி இருந்தால், அவரோடு யார் போவது? தீர்மானப் புத்தகத்தில் பெயர் எழுதுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. உங்கள் வாசலில் நிழலான இடத்தில் ஒரு மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள். தினமும் கழுவி மாற்றுங்கள், கொசு வராது. தெரு நாய், பூனை, காக்கை எல்லாம் குடித்துப் போகட்டும். ஆட்டோ ஓட்டும் அண்ணன்மாரிடம், வண்டியைக் கிளப்பும் முன் அடியில் ஒரு தடவை குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த பக் நாய் இப்போது இளைத்திருக்கிறது. காலையில் அக்கா கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டாலே வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறதாம். "ஆறு மணிக்கு நானும் அதும் நடக்குற பதினஞ்சு நிமிஷம்தான் எனக்கு அன்னைக்கு நிம்மதியான நேரம்" என்று போன கூட்டத்தில் சொன்னார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த தங்கச்சி, "எனக்கும் நேரத்தை மாத்திக் கேக்கணும்கா, கூட வர்றியா?" என்று கேட்டது.

போய்விட்டு வந்து என்ன ஆனது என்று அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள், தோழிகளே.